நண்டின் மேல் கட்டிய நூல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் காரின் வைப்பரிலிருந்து வந்தது. போன ஜூன் மாதம் வலது பக்க வைப்பர் கை துருவேறி இறுகிப்போனது. நானே ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பிப் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்ததுதான் மிச்சம். இங்கே யாங்கோனின் தாம்வேயில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் இறுகியதை இழுத்துக் கழற்றும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு புல்லரை எடுத்தார். இரண்டு கால்கள், நடுவே ஒரு திருகு. கால்களை வைப்பர் கையின் அடியில் மாட்டி, திருகின் நுனியைத் தண்டின் தலையில் ஊன்றி, நாலு சுற்றுச் சுற்றினார். 'டக்' என்றது. கை கழன்று வந்துவிட்டது.

இதில் கதை எங்கே என்று கேட்பீர்கள். அவர் தன் கையைக் கழுவுவதற்கு முன்பே புல்லரை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டார். பட்டறையில் அவரைத் தவிர இன்னும் ஒரே ஒருவர்தான் இருந்தார். யார் மேல் சந்தேகம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "1928-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ரங்கூன் நகரமே" —

அங்கேயே நிறுத்திவிட்டேன். நகரம் ஒன்றும் செய்யவில்லை. செய்தது சபாபதி.

இரண்டாம் தொடக்கம்: "லூர்துவின் கண்களில் எப்போதும் ஒரு" —

ஒரு என்ன? கள்ளமா? அவனை நான் இன்னும் உங்களுக்கு அறிமுகம்கூடச் செய்யவில்லை. அடித்துவிட்டேன். அடித்தது தெரியும்படி இங்கேயே விட்டும் வைக்கிறேன்.

(ஏன் 1928 என்றால், இன்றைய யாங்கோனில் ஒருவரை ஒருவர் சந்தேகிப்பதற்கு ஆயிரம் காரணங்கள் இருக்கின்றன, ஒரு வைப்பர் அவற்றின் நடுவே எடுபடாது. ஒவ்வொரு காரின் டிரைவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடிந்த ஊர் எனக்கு வேண்டியிருந்தது.)

3

சபாபதிக்கு அப்போது முப்பத்து நாலு வயது. இன்செயின் ரயில் பட்டறையில் பிட்டராக இருந்து விலகி, ரங்கூனின் போட்டத்தாங்கில் தகரக் கூரை போட்டு மோட்டார் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தான். கூட்டாளி லூர்து. மிஷன் பள்ளியில் படித்தவன், கப்பல் கம்பெனி ஒன்றில் டைப் அடித்துக்கொண்டிருந்தவன். ஆறு வருடமாக இருவருக்கும் ஒரே பட்டறை, ஒரே தேநீர்க் கெட்டில். சபாபதி காருக்கு அடியில் படுத்திருப்பான். லூர்து துரைமாரிடமும் பர்மியப் பெரியவர்களிடமும் பேசி அனுப்புவான். வேலை மிகுந்தால் அவனும் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்குவான்.

ரங்கூன் மழை மே மாதம் பிடித்தால் அக்டோபர்வரை விடாது. வைப்பர் கைகள் தண்டோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். டிரைவர்கள் சுத்தியலால் தட்டித் தண்டை வளைத்துவிட்டுப் பட்டறைக்கு வருவார்கள். ரயில் பட்டறையில் பெரிய சக்கரங்களைக் கழற்றும் புல்லரைச் சபாபதி பார்த்திருக்கிறான். அதையே விரலளவுக்குச் சின்னதாகச் செய்தால் என்ன என்று அவன் கேட்க, லூர்து அளவெடுத்துப் படம் போட, சபாபதி உருக்கை அராவிச் செய்து முடித்தான். அதற்கு நண்டு என்று பெயர் வைத்தது லூர்து. ரங்கூனில் வேறு எந்தப் பட்டறையிலும் அப்படி ஒன்று கிடையாது.

நண்டின் திருகு ஒரு மயிரிழை சாய்வு. அது ஊன்றிய தண்டின் தலையில், நட்ட நடுவில் இல்லாமல் கொஞ்சம் விலகி, ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளியைச் சபாபதி இருட்டிலும் தடவிச் சொல்லிவிடுவான்.

4

ஜூலை கடைசியில் மரத் தரகர் ஊ பா தின் தன் காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். கண்ணாடியில் வைப்பர் இல்லை. வெறும் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"சயா, மார்க்கெட் வாசல்ல நிறுத்தினேன். திரும்பி வந்து பார்த்தா கை இல்ல" என்றார். அவருடைய தமிழ் கப்பல்துறையில் கற்றது, 'சயா' என்ற மரியாதைச் சொல் மட்டும் பர்மியம்.

சபாபதி குனிந்து பார்த்தான். சுத்தியல் தழும்பு இல்லை. நெம்பிய கீறல் இல்லை. தண்டு அப்படியே சுத்தமாக இருந்தது. தலையில், நடுவை விட்டு விலகி, ஒரு புள்ளி.

அது தன் வேலைதான் என்று அவனுக்குத் தெரியும். ஜூன் மாதம் அதே காரின் கையைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியவன் அவன்தான். அதனால் அன்றைக்கு ஒன்றும் நினைக்கவில்லை. புதுக் கை ஒன்று மாட்டி அனுப்பினான்.

பத்து நாளில் இரண்டாவது கை போனது. அடுத்த வாரம் மூன்றாவது. மூன்றும் அவன் பட்டறைக்கு வந்துபோன கார்கள். மூன்றிலும் அதே புள்ளி. மூன்றாவது காரின் தண்டை அவன் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தான். புள்ளி இரண்டு முறை குத்தியதுபோல் இருந்தது. ஒரு முறை அவன் குத்தியது, இன்னொரு முறை?

"என்ன அப்படிப் பார்க்கிறே?" என்று லூர்து கேட்டான்.

"ஒண்ணுமில்லை" என்றான் சபாபதி. ஆறு வருடத்தில் அவன் லூர்துவிடம் சொன்ன முதல் பொய் அது.

5

அதன்பிறகு லூர்து செய்ததெல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. மார்க்கெட் பக்கம் போய்வருகிறேன் என்பான். எதற்கு என்று சொல்ல மாட்டான். அவன் முன்பும் சொன்னதில்லை, சபாபதியும் கேட்டதில்லை. வாடிக்கைக்காரர்களிடம் எங்கே வேலை, எப்போது திரும்புவீர்கள் என்றெல்லாம் விசாரிப்பான். வந்த மனிதரிடம் நாலு வார்த்தை பேசுவது அவன் வழக்கம். இப்போது கேட்கிறபோது வேவு பார்ப்பதுபோல் இருந்தது. ஒருநாள் சிரித்துக்கொண்டே, "இப்படியே போனா வைப்பர் விக்கிறவன் மாடி வீடு கட்டிருவான்" என்றான். சபாபதிக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்கு லாபம் என்று இவனுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தான்.

நண்டு ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். பெட்டிக்குப் பூட்டுக் கிடையாது. பட்டறைக் கதவின் சாவி இருவரிடமும் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் லூர்து கிளம்பிய பின், சபாபதி நண்டின் இரண்டு கால்களையும் சேர்த்து ஒரு கறுப்பு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டான். நூலை அவிழ்க்காமல் கால்களை விரிக்க முடியாது. பெட்டியை மூடியபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நூலை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை லூர்து வருவதற்கு முன் பெட்டியைத் திறந்தான். நண்டு இருந்தது. நூல் இல்லை.

அதே காலையில் ஒரு டாக்டரின் டிரைவர் வந்து சொன்னான்: ஞாயிறு சாயங்காலம் சினிமாக் கொட்டகை வாசலில் வைப்பர் கை போய்விட்டதாம்.

6

[என் முதல் வரைவில் கதை இங்கேதான் முடிந்தது. அதில் லூர்து திருடன். அவனுக்கு ஒரு குடிப்பழக்கம் கொடுத்தேன், பொருந்தவில்லை. நோயாளி மனைவி ஒருத்தியைக் கொடுத்தேன். அவன் மனைவி ரோஸ் என் பேச்சைக் கேட்காமல் நல்ல ஆரோக்கியத்தோடு மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். ஒருவன் தன் பட்டறைக்கு வரும் கார்களிலிருந்தே ஏன் திருட வேண்டும் என்பதற்கு எனக்குக் காரணம் கிடைக்கவே இல்லை. ஆனாலும் வரைவை நான் கிழிக்கவில்லை. நூல் காணவில்லையே என்று நானும் நினைத்தேன். நீங்களும் கொஞ்சம் நினைத்தீர்கள்.]

7

லூர்து வந்து குடையைச் சாய்த்து வைத்தான். சபாபதி பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

லூர்து சட்டைப் பையில் கையை விட்டு எதையோ எடுத்து மேசைமேல் வைத்தான். கறுப்பு நூல்.

"இதையா தேடுறே?"

சபாபதி பெட்டியை மூடினான்.

"நேத்து பூசை முடிஞ்சதும் பாதரோட வண்டியிலே வைப்பர் இறுகிக் கிடந்துச்சு. நண்டை எடுத்துட்டுப் போய்க் கழட்டிக் கொடுத்தேன். காசு வாங்கலை. இன்னைக்கு உங்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். பெட்டியைத் திறந்தப்போ இந்த நூலைப் பார்த்தேன்."

"டாக்டர் வண்டியிலே கை போயிருக்கு."

"எப்போ?"

"நேத்து சாயங்காலம்."

லூர்து அவனைப் பார்த்தான். "அதனாலே?"

"நண்டு உங்கிட்ட இருந்திருக்கு."

"மத்தியானமே கொண்டாந்து வச்சுட்டேன்." பிறகு மெதுவாகச் சொன்னான்: "நீ கேட்டிருக்கலாம் சபா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நூல் கட்டியிருக்கே."

"பாதர்கிட்ட கேட்டா சொல்லுவாரா?"

கேட்டிருக்கக் கூடாது. வாய் தவறி வந்துவிட்டது என்று பின்னால் சபாபதி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வாய் தவறவில்லை, எனக்குத் தெரியும்.

"போய்க் கேளு" என்றான் லூர்து.

சபாபதி போனான். மழையில் நனைந்துகொண்டு கோயிலுக்குப் போய்க் கேட்டான். ஆமாம், லூர்துதான் கழற்றித் தந்தான், காலை பத்து மணிக்கு என்றார் பாதர். சபாபதி திரும்பி நடந்தான். காலை பத்து மணி. டாக்டர் காரின் கை போனது சாயங்காலம். நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்றுதான் வழியெல்லாம் அவன் மனம் கணக்குப் போட்டது.

பட்டறையில் லூர்து இல்லை. அவனிடமிருந்த சாவி ஆணியில் தொங்கியது. நண்டைத் தொட்டிருக்கவில்லை. நூலை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

8

லூர்து சிரியம்* போய் எண்ணெய் ஆலையில் கணக்கெழுதும் வேலையில் சேர்ந்துவிட்டதாக ரோஸ் யாரிடமோ சொன்னாள். சபாபதியிடம் அவள் பேசவில்லை.

*ஆற்றுக்கு அக்கரை ஊர், இன்று அதன் பெயர் 'தன்லியின்'. இப்போது பாலத்தில் போகலாம். அப்போது படகுதான்.

லூர்து போன பிறகும் இரண்டு கைகள் களவு போயின. நண்டைச் சபாபதி வீட்டுக்கே எடுத்துப்போய்த் தலைமாட்டில் வைத்துத் தூங்கினான், அப்படியும் போயின. லூர்து இன்னொரு நண்டு செய்துகொண்டிருப்பான், படம் அவன் போட்டதுதானே என்று நினைத்தான். (அவனைத் திட்டாதீர்கள். இந்த வரியை எழுதியபோது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.)

செப்டம்பரில் ஒருநாள் பகல், மார்க்கெட் வாசலில், அரிசி ஆலைக்காரர் ஒருவரின் டிரைவர் அப்துல் பாரி காரை நிறுத்துவதைச் சபாபதி பார்த்தான். பாரி இறங்கினான். கண்ணாடிப் பக்கம் போய் எட்டி, வைப்பர் கையைத் தொட்டான். மறு நொடி கை அவன் தோள்பையில் இருந்தது.

சபாபதி ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தான். "என்ன பண்றே பாரி?"

"பத்திரத்துக்குத்தான் அண்ணே" என்றான் பாரி சாதாரணமாக. "ஊரெல்லாம் களவு போகுதுல்ல. அதனால நிறுத்துற எடத்துல எல்லாம் கழட்டிப் பையில போட்டுக்கிறேன்."

"எதை வச்சுக் கழட்டினே?"

பாரி தன் இரண்டு விரல்களைக் காட்டினான். "நீங்க துரு எடுத்து கிரீசு போட்டு மாட்டினதுலேர்ந்து வெண்ணெயாட்டம் வருது. நட்டு விரலுக்கே திரும்பிருது. முந்தியெல்லாம் சுத்தியல் வச்சாலும் அசையாது."

சபாபதி அந்தத் தண்டைப் பார்த்தான். கிரீஸ் பளபளத்தது. அடுத்த மழைக்கு எளிதாகக் கழற்ற வேண்டுமென்று நட்டை அழுத்தி முடுக்காமல் விடுவது அவன் வழக்கம். அதை ஒரு நல்ல வேலையாகவே நினைத்திருந்தான். களவு போனதெல்லாம் அவன் மாட்டிய கைகள். துருப்பிடித்த கார்களைத் திருடன் தொடவில்லை. யாரோ ஒருவன், எவனோ, மார்க்கெட்டில் நடந்துகொண்டே விரலால் ஆட்டிப் பார்த்து, எது கழலுகிறதோ அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். நண்டு எதற்கும் தேவைப்படவில்லை. அந்த இரட்டைப் புள்ளியும் திருகு வழுக்கி அவனே இரண்டு முறை ஊன்றியதாகத்தான் இருக்கும்.

(திருடன் யார் என்று எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை. அவன் மேல் எனக்குச் சந்தேகமும் இல்லை, கோபமும் இல்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.)

அடுத்த இரண்டு நாள் சபாபதி ஒரு ஸ்பேனரோடு ஊர் முழுக்கச் சுற்றினான். தான் மாட்டிய ஒவ்வொரு காரையும் தேடிப்போய் நட்டை முடுக்கினான். ஏன் என்று கேட்டவர்களிடம், "என் தப்பு, சரி பண்றேன்" என்றான். அதைச் சொல்வது அவனுக்குக் கஷ்டமாக இல்லை. அது நட்டைப் பற்றிய தப்பு.

மூன்றாம் நாள் சிரியம் படகில் ஏறினான்.

9

கடைசிப் பகுதியை நான் பலமுறை எழுதினேன். ஒன்றில் லூர்து சிரிக்கிறான். ஒன்றில் சபாபதி காலில் விழுகிறான். அவன் அப்படிச் செய்பவன் இல்லை. ஒன்றில் லூர்து ஆலையை விட்டு ஏற்கெனவே போய்விட்டான். அது நான் தப்பிக்க எழுதியது. நடந்தது என்று நான் நம்புவதை மட்டும் சொல்கிறேன்.

ஐந்தரை மணிக்கு ஆலை விட்டது. சபாபதி வாசலில் மழையில் நின்றான். கூட்டத்தோடு லூர்து குடை பிடித்து வந்தான். சபாபதியைக் கண்டதும் நின்றான். திரும்பிப் போகவில்லை. இருவரும் படகுத்துறைவரை நடந்தார்கள். குடையில் சபாபதிக்கும் பாதி இடம் கிடைத்தது. லூர்து அதை யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை.

"கையாலேயே கழலுது லூர்து" என்றான் சபாபதி. பாரியைப் பார்த்ததைச் சொன்னான். கிரீஸ், நட்டு, இரண்டு விரல் எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. "பட்டறைக்கு வந்துரு" என்றான்.

லூர்து முழுவதையும் கேட்டான். துறையில் ரங்கூன் படகு நின்றுகொண்டிருந்தது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"கண்டுபிடிச்சுட்டு வந்திருக்கே" என்றான் லூர்து. குரலில் கோபம் இல்லை. "கண்டுபிடிக்கலைன்னா வந்திருப்பியா?"

சபாபதிக்காக நான் மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன்.

'வந்திருப்பேன்' என்றால் பொய். ஆறு வருடம் கூட இருந்தவனுக்கு அது தெரியும்.

'வந்திருக்க மாட்டேன்' என்றால் உண்மை. அதைக் கேட்ட பிறகு எவன் திரும்பி வருவான்?

மூன்றாவது பதில் "அதுக்குத்தான் லூர்து நான்" —

அதற்கு மேல் வரவில்லை.

படகு சங்கு ஊதிவிட்டது. சபாபதி ஏற வேண்டும். லூர்து ஏறவும் இல்லை, திரும்பவும் இல்லை. குடையைப் பிடித்தபடி பதிலுக்காக நிற்கிறான். எனக்குத் தெரிந்தவரை பேசிவிட்டேன். இனி சபாபதியின் இடத்தில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். படகின் ஏறுபலகையை இழுக்கப்போகிறார்கள். சொல்லுங்கள்.