கம்பளி பூட்ஸ் அணி

எங்கள் சுரங்க நகரமான கரகண்டாவில் செப்டம்பர் கடைசியில் முட்டைக்கோஸ் லாரி வரும். அது முற்றத்துக்குள் வந்து நின்றதும் மூன்று அடுக்குமாடிகளிலிருந்தும் பெண்கள் சாக்குகளோடு இறங்கிவிடுவோம். அந்த வருஷமும் முற்றத்து மரமேஜையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து, உப்புப் போட்டு ஊறவைக்க முட்டைக்கோஸைச் சீவிக்கொண்டிருந்தோம். பேருந்து ஓட்டும் ஷம்சியா அக்கா, மருந்துக்கடை எர்னா, சந்தையில் கேரட் ஊறுகாய் விற்கும் கொரியக்காரி லியுபா, அப்புறம் நான். என் பெயர் கம்ஷாத். மழலையர் பள்ளியில் சமையல் வேலை.

ஷம்சியா அக்கா திடீரென்று கத்தியைக் கீழே வைத்தாள்.

"இதை ஊறப்போடுவோம். ஜன்னல் இடுக்குல பேப்பர் ஒட்டுவோம். உருளைக்கிழங்கை நிலவறையில இறக்குவோம். அப்புறம்?"

"அப்புறம் என்ன, மார்ச் வரைக்கும் உக்காந்து தின்போம்" என்றாள் லியுபா.

"அதத்தான் கேக்குறேன். குளிர்காலம் முச்சூடும் நமக்குத் தின்னுறதுதான் வேலையா?"

அவள் கை நீட்டிய இடத்தில் பலகை வேலி அடைத்த செவ்வகம் ஒன்று இருந்தது. எங்கள் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது குளிர்காலத்தில் அங்கே தண்ணீர் பாய்ச்சி உறையவைப்பார்கள். முற்றமே அங்கேதான் கிடக்கும். பிள்ளைகள் வளர்ந்து போனபின் ஒருபக்க வேலியைப் பிடுங்கிவிட்டுக் கார்கள் உள்ளே புகுந்தன. நடுநாயகமாக நின்றது போலாத்பெக்கின் வெள்ளைக் கார்.

போலாத்பெக் சுரங்கத்தில் மெக்கானிக். இளவயதில் ஸ்கேட்ஸ் கட்டி ஹாக்கி ஆடிப் பதக்கமெல்லாம் வாங்கியவன். அன்று சாயங்காலம் அவன் வேலை முடிந்து வந்ததும் ஷம்சியா அக்கா வழிமறித்தாள்.

"தம்பி, காரை வெளிய எடு. ஐஸ் போடப்போறோம்."

"யாரு, நீங்களா? ஐஸ் போட்டு என்ன பண்ணுவீங்க, மீன் வைப்பீங்களா?"

"ஹாக்கி ஆடுவோம்."

அவன் சிரித்த சிரிப்பில் இரண்டாவது மாடி ஜன்னல் திறந்தது. "அக்கா, நீங்க பஸ்ஸையே மட்டையா வச்சு ஆடினாலும் ஒரு கோல் போட முடியாது."

"அப்ப உனக்கென்ன பயம்? டிசம்பர் கடைசி ஞாயித்துக்கிழமை எங்களோட ஆடு. நீ ஜெயிச்சா காரை அங்கயே விட்டுக்க. நாங்க வாயே திறக்கமாட்டோம். நாங்க ஜெயிச்சா இனி எல்லாக் குளிர்காலமும் அது ஐஸ்தான். பனி பெஞ்சா நீங்கதான் அள்ளணும்."

"சரி. பேச்சு மாறக்கூடாது."

"ஆனா ஸ்கேட்ஸ் கிடையாது. எல்லாரும் கம்பளி பூட்ஸ்தான். ஐஸ் ஹாக்கி வட்டும் கிடையாது, பந்துதான்."

"சாக்குல காலை விட்டுக்கிட்டு ஆடச் சொன்னாலும் ஆடுறோம், போங்கக்கா."

நான் இதையெல்லாம் சிரித்துக்கொண்டு கேட்டேனே தவிர எனக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைக்கவில்லை. போன பிப்ரவரியில் ரொட்டிக்கடை வாசலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை இரண்டு இடத்தில் உடைத்துக்கொண்டவள் நான். அதன்பிறகு தரையில் பளபளப்பாக எதைப் பார்த்தாலும் சுற்றிக்கொண்டு போவேன். என் வீட்டுக்காரர் தோலெகன் ரயில் பெட்டி பழுதுபார்ப்பவர், நல்ல மனிதர். "நீ வெளிய வராத, நான் வாங்கியாறேன்" என்று சொல்லி ரொட்டி, பால், மருந்து எல்லாம் அவரே வாங்கி வந்தார். வேலைக்குப் போகும்போதும் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார். முதலில் அது இதமாகத்தான் இருந்தது. ஏப்ரலில் பனி உருகியபோதுதான் ஒன்று புரிந்தது. இரண்டு மாதமாக நான் தனியாக ஒரு தெருவைக்கூடக் கடக்கவில்லை.

நவம்பர் பாதியில் குளிர் மைனஸ் பதினெட்டுக்கு இறங்கியது. கார்கள் வெளியே போனதும் பிடுங்கிய பக்கத்தில் மறுபடி வேலி அடைத்துவிட்டு, பெண்கள் வரிசையாகக் கைகோர்த்துக்கொண்டு பனியை மிதித்து இறுக்கினார்கள். வேலை முடிந்து வந்ததும் நிலவறைக் குழாயிலிருந்து நீளக் குழாய் இழுத்துத் தண்ணீர் அடித்தார்கள். முதல் தடவை ஆசையில் நிறைய ஊற்றிவிட்டார்கள். காலையில் பார்த்தால் தளம் ஒட்டகத் திமில் மாதிரி மேடும் பள்ளமுமாக உறைந்திருந்தது. கோடாரியால் கொத்தி எடுத்துவிட்டு, மறுபடி மெல்லிசாக, ஒரு படலம் உறைந்தபின் அடுத்தது என்று போட்டார்கள். அது சரியாக வந்த அன்று பனிப்புயல் அடித்து வேலி உயரத்துக்கு மூடியது. மூன்று நாள் அள்ளினார்கள். போலாத்பெக் பால்கனியில் சிகரெட் பிடித்தபடி, "அக்கா, இன்னும் ஒரு வண்டி பனி அனுப்பவா?" என்று கேட்பான். நான் வேலிக்கு வெளியே நின்று தேநீர்க் கோப்பைகளை நீட்டுவேன்.

டிசம்பர் முதல் வாரம் ஐஸ் தயார். ஆள்தான் குறைந்தது. அணிக்கு ஐந்து பேர் வேண்டும். ஷம்சியா அக்காவின் மருமகள் பல்ஜானைச் சேர்த்தும் நான்குதான். அக்கா வேலிக்கு இந்தப் பக்கம் வந்து என் கையிலிருந்த கெண்டியை வாங்கிப் பனியில் வைத்தாள்.

"நீ கோல்ல நில்லுடி."

"அக்கா, எனக்குக் கை..."

"கோல்ல நிக்கிறவ ஓட வேண்டாம்."

"விழுந்துட்டா?"

"விழத்தான் வேணும். பந்து வரும்போது குறுக்க விழுறதுதான் அங்க வேலையே. வேற எங்க விழுந்தாலும் உன்னைத் திட்டுவாங்க, அங்க கைதட்டுவாங்க."

எப்படி ஒப்புக்கொண்டேன் என்று இன்றும் தெரியவில்லை. எர்னா என் மணிக்கட்டை இறுகக் கட்டினாள். லியுபா சோபா மெத்தையைக் கிழித்து என் கோட்டுக்குள் வைத்துத் தைத்தாள். ஐஸில் கால் வைத்ததும் வேலியைப் பிடித்துக்கொண்டேன். "இப்ப விழு" என்றாள் அக்கா. விழுந்தேன். வலிக்கவில்லை. "எழுந்திரி. இன்னொரு தடவை." முதல் நாள் முப்பது தடவை விழுந்திருப்பேன். கடைசிப் பத்து தடவை நானாகவே, சிரித்துக்கொண்டே.

மூன்றாம் நாள் தோலெகன் என் இடுப்பில் இருந்த ஊதா நிறக் கன்றலைப் பார்த்துவிட்டார்.

"என்ன இது?"

"பந்து பட்டது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கம்ஷாத், மறுபடி கை போச்சுன்னா?"

"போனா ஒட்டும். போன தடவை ஒட்டலையா?"

"போலாத்பெக் என்னையும் ஆடக் கூப்பிட்டிருக்கான். நான் வரலன்னு சொல்லிடறேன்."

"ஏன்? வாங்க. ஆனா ஒண்ணு. என் பக்கம் பந்தை மெதுவா தள்ளிவிட்டீங்கன்னா அன்னிக்கு ராத்திரி உங்களுக்கு வீட்டுல சோறு கிடையாது."

மறுநாள் அவர் கொல்லன் பட்டறையில் பழைய கம்பிவலை வாங்கி, என் முகத்துக்கு மறைப்பு ஒன்று செய்துகொண்டு வந்தார்.

அந்த ஞாயிறு நண்பகல் மைனஸ் இருபத்திரண்டு டிகிரி குளிர். வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. பால்கனியெல்லாம் தலைகள். பக்கத்துப் பள்ளி விளையாட்டு ஆசிரியர் விசிலோடு வந்தார். பதினைந்து பதினைந்து நிமிஷமாக இரண்டு பாதி ஆட்டம்.

விசில் ஊதிய மறுநொடியே போலாத்பெக் பந்தோடு சீறி வந்தான். அதாவது சீற நினைத்தான். ஸ்கேட்ஸில் போவது போலக் காலைப் பக்கவாட்டில் உந்தினான். கம்பளி பூட்ஸ் அவனை விட்டுவிட்டுத் தனியாகப் போனது. மல்லாந்து விழுந்தான். அவன் ஆட்கள் நான்கு பேரும் அப்படித்தான். ஒரு நாள்கூடப் பழகிப்பார்க்காமல் வந்திருந்தார்கள். எங்கள் பெண்களோ முப்பது வருஷமாக இரண்டு கையிலும் சாமான் பையோடு இதே வழுக்கலில் பேருந்தைப் பிடிக்க ஓடியவர்கள். பாதத்தைத் தூக்காமல், குட்டி குட்டி அடியாக எடுத்துவைத்து ஓடினார்கள். ஷம்சியா அக்கா பந்தைத் தள்ளிக்கொண்டே போய், பேருந்தைத் திருப்பத்தில் வளைப்பது போல அகலமாக வளைந்து முதல் கோலைப் போட்டாள்.

"போலாத்பெக்! எழுந்திருப்பா, மீன் உறைஞ்சிடப் போகுது!" என்று மேலிருந்து யாரோ கத்தினார்கள்.

அவர்கள் மடையர்கள் அல்ல. பத்து நிமிஷத்தில் அடி வைக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒரு பந்து என் கால்களுக்கு நடுவே போனது. இன்னொன்று எங்கிருந்து வந்தது என்றே பார்க்கவில்லை. பாதி ஆட்டம் முடியும்போது இரண்டுக்கு ஒன்று, அவர்கள் பக்கம். எனக்கு அழுகை வந்தது. அக்கா என் முகவலையைத் தூக்கி மூக்கைத் துடைத்துவிட்டாள். "ரெண்டு விட்ட. ஏழு பிடிச்சிருக்க. நான் எண்ணினேன்" என்றாள்.

இரண்டாவது பாதியில் லியுபா தன் குள்ள உருவத்தை வைத்துக்கொண்டு அவர்கள் மட்டைகளுக்கு அடியில் புகுந்து புகுந்து வந்தாள். "இவளை யாராவது பிடிங்கடா!" என்று கோல்காரன் அலறும்போதே பந்தை உள்ளே உருட்டினாள். சமம். முற்றம் அதிர்ந்தது. நாலு நிமிஷம் இருக்கும்போது பல்ஜான் அடித்த பந்து வேலியில் மோதித் திரும்பி, அவர்கள் ஆள் ஒருவனின் முதுகில் பட்டு வலைக்குள் விழுந்தது. அவளே நம்பாமல் நின்றாள். மூன்றுக்கு இரண்டு!

கடைசி நிமிஷத்தில் எர்னாவின் மட்டை போலாத்பெக்கின் காலில் சிக்கியது. ஆசிரியர் விசில் ஊதிக் கையை நீட்டினார். தனி அடி. அடிப்பவர் ஒருவர், கோலில் நிற்பவர் ஒருவர், இடையில் யாரும் கிடையாது. அத்தோடு ஆட்டமும் முடிகிறது.

போலாத்பெக்குக்கு முழங்கால் பிசகியிருந்தது. அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னான்: "தோலெகன் அண்ணே, நீங்க அடிங்க. நம்மள்ல பலமான கை உங்களுதுதான்."

என் வீட்டுக்காரர் பந்தைக் கொண்டுவந்து வைத்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் முகவலைக்குள்ளிருந்து, "என்ன, பயமா?" என்றேன்.

அவர் நாலு அடி ஓடிவந்து முழுபலத்தோடு அடித்தார். மட்டை இரண்டாக முறிந்தது. அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது, அவர் எனக்கு விட்டுக்கொடுக்கவில்லை. பந்து என் வலதுபக்க மேல் மூலைக்குப் போனது. யோசிக்கவில்லை. பாய்ந்தேன். வலது கையைத்தான் நீட்டினேன், அதே கையை. பந்து உள்ளங்கையில் அறைந்து, வேலிக்கு மேலே பறந்து பனிக்குவியலில் புதைந்தது. நான் ஐஸில் வயிறு தேய வழுக்கிக்கொண்டு போய்க் கோல் கம்பத்தில் முட்டி நின்றேன்.

ஒரு கணம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எல்லாம் கேட்டது. பால்கனிகளில் சட்டிகளையும் கரண்டிகளையும் தட்டினார்கள். நான்கு பெண்களும் என்மேல் வந்து விழுந்தார்கள். அந்தக் குவியலுக்கு வெளியே ஒரே ஒரு குரல், "கை எப்படி இருக்கு? கம்ஷாத், விரலை ஆட்டு!" என்று கத்திக்கொண்டிருந்தது. நான் குவியலுக்குள்ளிருந்து கையை வெளியே நீட்டி ஐந்து விரலையும் ஆட்டினேன்.

"ஐயோ, இவ என் பொண்டாட்டிடா!" என்று தோலெகன் ஆட்டத்தில் தோற்ற தன் ஆட்களிடமே பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

போலாத்பெக் நொண்டிக்கொண்டே வந்து ஷம்சியா அக்காவுக்குக் கை கொடுத்தான். "சரிக்கா, ஒத்துக்கறேன். அடுத்த ஞாயிறு இன்னொரு ஆட்டம்?"

"முதல்ல நடக்கப் பழகிட்டு வா தம்பி."

யாரோ ஆவி பறக்கும் குதிரை மாமிசத் தொத்திறைச்சியைத் தட்டோடு இறக்கினார்கள். தேநீர் வந்தது. எல்லோரும் வேலியோரம் கூடிவிட்டார்கள். "சூடு ஆறுது, வாடி" என்று லியுபா கூப்பிட்டாள். வருகிறேன் என்று கையசைத்தேன். போகவில்லை. முகவலையைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டிவிட்டு, குட்டி குட்டி அடியாக வேலியை ஒட்டி ஐஸைச் சுற்றி ஓடினேன். மேலே இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சுற்று முடிந்தது. மூச்சு வாங்கியது. இரண்டாவது சுற்றுக்குத் திரும்பினேன்.