செல்வநாயகி அக்காவின் மாடும் மிச்ச நைதரசனும்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. சண்டிலிப்பாய்ப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கும் மதுஷா, தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீகடத்தியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு விளங்கும்படி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று சிலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் தொடக்கம்: ‘1911ஆம் ஆண்டு ஒல்லாந்தில் பாதரசத்தைக் கடுமையாகக் குளிராக்கியபோது, அதன் மின்தடை திடீரென்று’ — இதோடு விட்டுவிட்டேன். இதைப் பாடப்புத்தகம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. பிள்ளைகளும் ஏற்கெனவே கொட்டாவி விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது தொடக்கம்: ‘கம்பிக்குள் ஓடும் இலத்திரன்கள் நல்லூர்த் தேருக்குப் போகும் சனத்தைப் போல இடிபட்டு’ — இதை மதுஷா வகுப்பில் வாசித்திருக்கிறார். சாருஜா என்ற மாணவி எழும்பியிருக்கிறாள்.

“ரீச்சர், சனத்தைக் குளிராக்கினால் விறைச்சுப்போய் நிக்கும். இலத்திரன் மட்டும் என்னெண்டு நிக்காமல் ஓடுது?”

உவமை அந்த இடத்திலேயே படுத்துவிட்டது.

2

சரி, உவமை வேண்டாம். நேரே சொல்கிறேன். சாதாரண கம்பியில் இலத்திரன்கள் அதிரும் அணுக்களில் மோதிச் சக்தியை இழக்கின்றன. அதுதான் தடை. சில பொருட்களைப் போதிய அளவு குளிராக்கினால் இலத்திரன்கள் சோடி சேர்கின்றன. எல்லாச் சோடிகளும் ஒரே நிலையில், ஒன்றாக நகர்கின்றன. ஒரு சிறு மோதல் அதில் ஒன்றை மட்டும் தனியே பிரித்துத் தடுக்க முடியாது. தடை சுழியமாகிவிடுகிறது. அப்பொருளுக்கு மேலே ஒரு காந்தத்தைக் கொண்டுபோனால், அப்பொருள் காந்தப்புலத்தைத் தள்ளிவிடப் பார்க்கும். காந்தம் அந்தரத்தில் நிற்கும்.*

* அப்படித்தான் சொல்கிறார்கள்.

இந்தப் பந்தி மதுஷாவுக்குப் பிடித்திருந்தது. டிலக்ஷன் என்ற பெடியன், “உது சோதினைக்கு வருமோ ரீச்சர்?” என்று கேட்டானாம். வராது என்று தெரிந்ததும் பேனையை மூடிவிட்டானாம். சாருஜா மூடவில்லை.

“ஏன் ரீச்சர் சோடி சேருது?”

பாதரசத்தில் ஏன் என்பதற்கு விடை இருக்கிறது. ஆனால் மதுஷாவின் அலுமாரியில் இருந்தது வேறு சாமான். ஜேர்மனியிலிருந்து மச்சாள் சொக்லேற்றோடு அனுப்பிய ஒரு கறுப்பு மீகடத்தி வில்லையும் சின்னக் காந்தமும். அந்த வகைப் பொருளில் ஏன் அப்படி நடக்கிறது என்று உலகத்தில் ஒருவருக்கும் இன்னும் முழுதாகத் தெரியாது. மதுஷா அதை ஒளிக்காமல் சொன்னார். எல்லாக் கேள்விக்கும் விடையும் புள்ளித்திட்டமும் இருக்கும் என்று நம்பி வளர்ந்த வகுப்பு அது. சாருஜா மட்டும் விடவில்லை.

“அது மிதக்கிறதை நீங்கள் கண்டனீங்களோ?”

“இல்லைப் பிள்ளை.”

இந்த ‘இல்லை’யை மதுஷா எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவருடைய குரல் இறங்கியிருந்தது. இத்தனை வருடம் படிப்பித்தும் ஒருமுறைகூடக் கண்டதில்லை. பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்றுதான் என்னிடம் சொன்னார். நான் நம்பவில்லை. அவருக்குத்தான் பார்க்கவேண்டும்.

(எனக்கும்தான். அதனால்தான் கட்டுரை கதையாகிவிட்டது.)

3

வில்லையைக் குளிராக்கத் திரவ நைதரசன் வேண்டும். அந்த ஊரில் திரவ நைதரசன் ஆரிடம் இருக்கிறது? மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவரிடம்.

பஞ்சலிங்கம் அண்ணை மோட்டார் சைக்கிளில் ஒரு வெள்ளிநிறக் குடுவையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். நல்லினக் காளைகளின் வித்து அதற்குள் நைதரசனில் உறைந்திருக்கும். மாடு காளை தேடிக் கத்தத் தொடங்கினால் ஆட்கள் இவரைத்தான் கூப்பிடுவார்கள்.

முதல் வரைவில் இந்த மனிதரை நான் ஞானியாக்கியிருந்தேன். குடுவையைத் திறந்தபடி பிரபஞ்சத்தைப் பற்றி இரண்டு வசனம் சொல்லுவார், மதுஷா வாயடைத்து நிற்பார். வாசித்துப் பார்த்தேன், எனக்கே கூச்சமாக இருந்தது. அண்ணைக்கு மாடு தெரியும், மீகடத்தி தெரியாது. அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

அவர் உண்மையில் சொன்னது இதுதான்:

“ரீச்சர், நைதரசன் இறங்கினால் வித்துப் பழுதாப் போடும். இதுக்குள்ளை கடைசியா ஒண்டு கிடக்கு. அது செல்வநாயகி அக்கான்ரை மாட்டுக்கு. ரெண்டு தரம் தவறிப்போச்சு. இந்தமுறையும் பிடிக்காட்டி மாட்டை விலைக்குக் குடுத்துப்போடுவன் எண்டு நிக்கிறா.”

“அதுக்குப் பிறகு?”

“பிறகு குடுவையைக் கழுவக் குடுக்கவேணும். மிச்சம் இருந்தால் நீங்கள் எடுங்கோ. ஆனால் ஒண்டு, அது நிண்டு நிண்டு ஆவியாப் போகும். மாடு கத்தச் சுணங்கினால் உங்களுக்கு மிச்சம் இல்லை.”

ஆக, யாழ்ப்பாணத்தின் ஒரு மூலையில் நவீன பௌதிகவியல் ஒரு மாடு கத்துவதற்காகக் காத்திருந்தது.

4

மதுஷா பாடசாலை விட்டுப் போகும்போது செல்வநாயகி அக்காவின் வீட்டு வாசல் படலையில் சைக்கிளை நிறுத்துவார்.

“அக்கா, கத்துதோ?”

“இல்லைப் பிள்ளை. நல்லாத் தின்னுது.”

மாடு தின்றுகொண்டே இருந்தது. குடுவையில் நைதரசன் குறைந்துகொண்டே இருந்தது. இந்த இடத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) மாடு கத்துவதற்குள் நைதரசன் முடிகிறது; வித்தும் போகிறது, வகுப்பும் போகிறது. செல்வநாயகி அக்கா மாட்டைக் கொடுக்கும் இடத்தில் என்னால் எழுத முடியவில்லை. விட்டேன்.

(ஆ) மதுஷா அண்ணையிடம் கெஞ்சி, முன்னதாகவே கொஞ்சம் வாங்கிவிடுகிறார். இதை எழுதியபோது மதுஷா என் கையைத் தட்டிவிட்டமாதிரி இருந்தது. அவர் அப்படிப்பட்டவர் அல்ல.

(இ) காந்தம் மிதக்கிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள், டிலக்ஷன் விஞ்ஞானியாகி— போதும்.

5

ஒரு புதன்கிழமை காலையில் மாடு கத்தியது. தெருமுனைவரை கேட்டது.

(பாடசாலை அதிபரிடம் அனுமதி வாங்கும் காட்சி ஒன்று இருந்தது. விண்ணப்பக் கடிதம்போல இருந்ததால் வெட்டிவிட்டேன். அனுமதி கிடைத்தது.)

வெள்ளைச் சீருடையோடு வகுப்பு முழுவதும் மாட்டுக்கொட்டிலுக்கு முன்னால் நின்றது. அண்ணை முதலில் தன் வேலையை முடித்தார். “பிடிச்சுதோ இல்லையோ மூண்டு கிழமையிலை தெரியும்” என்றார். செல்வநாயகி அக்கா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பிள்ளைகள் கவனிக்கவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

பிறகு அண்ணை குடுவையை ஆட்டிப் பார்த்தார்.

“அடியிலை கொஞ்சம் கிடக்கு. காணுமோ போதாதோ தெரியாது.”

குளிரை வெளியே விடாத றெஜிபோம் நுரைக் கிண்ணத்தில் கறுப்பு வில்லை. அண்ணை குடுவையைச் சரித்தார். வெள்ளைப் புகை விளிம்பால் வழிந்து சாணி மெழுகிய தரையில் படர்ந்தது. கிண்ணத்துக்குள் கொதிப்புச் சத்தம். அது அடங்கும்வரை பொறுக்கவேண்டும். அடங்கினால் வில்லை குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். குடுவை காலி. வில்லை மூழ்கியதா, மட்டுமட்டாக நின்றதா? மதுஷா மூச்சுவிடாமல் பார்த்தார். கொதிப்பு அடங்கியது.

காந்தத்தைப் பிடித்த சின்ன இடுக்கியை, சாவணத்தை, அவர் சாருஜாவின் கையில் கொடுக்கிறார் என்று எழுதியிருந்தேன். கேள்வி கேட்டவள் அவள்தானே, அழகாக இருக்கும்.

மதுஷா கொடுக்கவில்லை.

“முதல் நான், பிள்ளை. பிறகு நீர்.”

நல்லது. எனக்கு அவரை இன்னும் பிடித்துப்போயிற்று. அவர் முழங்காலில் நின்று சாவணத்தைக் கிண்ணத்துக்கு மேலே கொண்டுபோகிறார். விரல்களைத் தளர்த்துகிறார்.

நான் இங்கே ‘மிதந்தது’ என்று எழுதலாம். ஒரு சொல்தான். ஆனால் தாளில் எதுவும் மிதக்கும். வேண்டுமென்றால் அந்த மாட்டையே மிதக்கவிடுவேன். அது சாருஜாவுக்குப் போதாது, உங்களுக்கும் போதக்கூடாது. அதனால் நானும் எட்டிப் பார்க்கத்தான் போனேன். அதற்குள் சாருஜா குனிந்துவிட்டாள். டிலக்ஷன் அவளுடைய தோளுக்கு மேலால் குனிந்தான். அண்ணை குடுவையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார்.

“விலத்துங்கோ பிள்ளையள், நானும் பாக்கட்டும்.” மாட்டின் கயிற்றை விட்டுவிட்டு வந்தார் செல்வநாயகி அக்கா.

நான் நிற்கும் இடத்திலிருந்து முதுகுகள்தான் தெரிகின்றன. மாட்டுப் பக்கமாகக் கொஞ்சம் இடம் இருக்கிறது, நீங்கள் அந்த வழியால் போய்ப் பாருங்கள்.