இறக்கையில் ஒரு கட்டைவிரல்

எங்கள் கல்லூரியின் விமானப் பொறியியல் துறையில் எல்லாம் இருந்தது. நாற்பத்திரண்டு மாணவர்கள், ஒரு துறைத்தலைவி, விமானப் படம் போட்ட காலண்டர். விமானம்தான் இல்லை. வளாகத்தில் பழையதோ ஓட்டையோ ஒரு நிஜ விமானம் நின்றால்தான் அங்கீகாரம் புதுப்பிக்கப்படும், படம் எடுத்து அனுப்புங்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது.

தாளாளர் தெய்வசிகாமணி முன்பு அரிசி ஆலை நடத்தியவர். சேரும் நாளில் எங்களிடம் வாங்கிய அசல் மதிப்பெண் சான்றிதழ்களைத் தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். நெல் மூட்டையாவது அரைபட்டு வெளியே வரும்.

என் நண்பன் சுபாஷுடைய சான்றிதழும் அதற்குள்தான் கிடந்தது. படிப்பை முடித்துவிட்டான். ஓசூரில் வேலை கிடைத்திருந்தது. பதினைந்தாம் தேதி அசலோடு வந்து சேர வேண்டும், வராவிட்டால் அடுத்த ஆள் என்று சொல்லிவிட்டார்கள். சான்றிதழைக் கேட்கப் போனவனுக்குத் துணையாக நானும் போனேன்.

"பிளேன் பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிறவன் நீதானா?" என்றார் தாளாளர்.

"ஆமாங்க சார்," என்றான் சுபாஷ்.

"நெசம் மாதிரி அடிப்பியா, பொம்ம மாதிரி அடிப்பியா?"

"போட்டோவுல வித்தியாசம் தெரியாதுங்க."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே முழ நீளத்தில் ஒட்டி முடிக்க வேண்டிய பிளாஸ்டிக் விமானம், பாகம் பாகமாக. "இத அடிச்சிக் குடு. சர்ட்டிபிகேட்ட வாங்கிக்கினு போ."

அலுவலகத்தில் கிளார்க் சந்தியா பதிவேட்டைத் திறந்து, 'விமானம் ஒன்று பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாள்.

"பொம்மைன்னு எழுதுங்களேன்," என்றேன்.

"சார் விமானம்னுதாங்க எழுதச் சொன்னாரு."

சுபாஷ் சிரித்துக்கொண்டே போட்டான்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் அத்தாவுக்கு ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடை. பெயின்ட் தெளிக்கக் கம்ப்ரஸர் இருந்ததால் அங்கேதான் வேலை நடந்தது. வெள்ளி நிறம் வேண்டுமென்றால் முதலில் பளபளக்கும் கறுப்பு அடிக்க வேண்டும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கறுப்பைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, அதில் எங்கள் முகம் தெரியும்வரை சுபாஷ் விடவில்லை. அதன்மேல் மூச்சு விடுகிற மாதிரி மெல்லியதாக அலுமினியப் பூச்சு, ஐந்து சுற்று.

"அடியில கீறல் இருந்தா மேல வர்ற வெள்ளி காட்டிக் குடுத்துடும்டா. மத்த பெயின்ட் மறைக்கும். இது மறைக்காது."

பூச்சு முடிந்ததும் விமானம் புது எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது. அவனுக்குத் திருப்தியில்லை. என்னை இழுத்துக்கொண்டு போய்க் கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகட்டை அரைமணி நேரம் பார்த்தான். கண்டக்டர் இறங்கி வந்து, "இன்னா, வாங்கப் போறியா?" என்று கேட்டார். திரும்பி வந்து ஒவ்வொரு தகட்டுக்கும் ஒவ்வொரு மங்கல் கொடுத்தான். புகைபோக்கிக்குப் பின்னால் வைக்கோல் நிறம், அதை ஒட்டி ஊதா, பிறகு நீலம். சூட்டில் இரும்பு நிறம் மாறும் வரிசை அது. ஊசியால் ஆணித் தலைகளைக் குத்தினான். முழ நீளப் பிளாஸ்டிக் என் கண் முன்னாலேயே பல டன் எடை ஏறியது.

ஒரு தப்பு மட்டும் நடந்தது. கறுப்பு காய்வதற்குள் இடது இறக்கையை அவன் பிடித்துவிட்டிருந்தான். வெள்ளிக்கு அடியிலிருந்து அவன் கட்டைவிரல் ரேகை, வளையம் வளையமாக, தெளிவாக எழுந்து வந்தது.

"சுரண்டிட்டு மறுபடி அடிக்கணும் சார், ரெண்டு நாள் ஆவும்," என்று விமானத்தைக் கொண்டுபோய்த் தாளாளரிடம் காட்டிச் சொன்னான். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்த ரேகையையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"இருக்கட்டும் தம்பி. இதுவும் வேணும்."

எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கோமுகி அணையின் வறண்ட கரையில், கல்வராயன் மலை பின்னால் தெரிய, ஒரு முக்காலியில் பலகை போட்டு மண் பரப்பி விமானத்தை நிறுத்தினோம். நான் மல்லாந்து படுக்காத குறையாகப் படம் எடுத்தேன். மாலை வெயில் இறக்கையில் பட்டதும் அது பொம்மை என்பது எனக்கே மறந்துபோனது. அவ்வளவு நிஜம். அந்த விரல் அடையாளம் எருமை சைஸுக்கு இருந்தது. மலையை விடப் பெரிய எவனோ அந்த விமானத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்த மாதிரி.

படம் போனது. ஒரே வாரத்தில் பாராட்டுக் கடிதம் வந்தது. கூடவே, விமானத்தை நேரில் பார்க்கக் குழு பதினாறாம் தேதி வருகிறது என்றும்.

சுபாஷ் சான்றிதழ் கேட்டுப் போனான். திரும்பும்போது கையில் அதே பெட்டி.

"இன்னாடா?"

"எரிஞ்ச மாதிரி அடிக்கணுமாம். பிளேன் மலையில வுழுந்துட்டுதாம். குழு வந்தா காட்டறதுக்கு வேற வழியில்லையாம்."

பிளாஸ்டிக்கை மெழுகுவத்தியில் வாட்டி வளைத்தான். வெள்ளிக்கு மேல் கரி, கரிக்கு மேல் சாம்பல், கிழிந்த ஓரங்களில் மட்டும் புது உலோகம். இடது இறக்கையைத் தொடவே கூடாது என்று உத்தரவு. மலைச்சரிவில் கொண்டுபோய்ப் போட்டு நான் படம் எடுத்தேன். எரிந்து கிடந்த அத்தனைக்கும் நடுவில் அந்தக் கட்டைவிரல் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"ஓட்டினவன் யாருன்னு ரிப்போர்ட்ல எழுதணுமாம்டா," என்றான் சுபாஷ். "ஆளில்லாம வுழுந்த பிளேன எவன் நம்புவான்னு கேக்குறாரு. எம் பேரப் போட்டுக்கினாரு. பதிவேட்டுல கையெழுத்து இருக்குது, இறக்கையில கைரேக இருக்குதுன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"பேருக்குத்தான சார்னு கேட்டேன். பேருக்குத்தான்னாரு."

பதின்மூன்றாம் தேதி மதியம் கல்லூரியிலிருந்து கடை வாட்ஸப்புக்கு ஆர்டர் வந்தது. பத்துக்கு ஆறு அடி. கண்ணீர் அஞ்சலி. சுபாஷின் அடையாள அட்டைப் படம், கீழே 'பயிற்சி விமானி'. மறைவு: பதினான்கு.

கம்ப்யூட்டர் திரையை அவன் பக்கம் திருப்பினேன்.

"மச்சான், நீ நாளைக்கிதான் செத்துப் போற. இன்னிக்கி டீ உன் கணக்கு."

குனிந்து பார்த்தான். "நல்ல போட்டோ குடுத்திருக்கக் கூடாதா? காது ரெண்டும் தனியாத் தெரியுது."

"வேணாண்டா. ஓசூருக்கு இப்பவே பஸ் ஏறு."

"அசல் இல்லாமப் போயி இன்னா பண்றது? காயிதத்துல செத்தா சாவட்டும். சர்ட்டிபிகேட் உசுரோட வந்தா போதும்."

மறுநாள் காலை பத்து மணிக்குக் கல்லூரிக்குப் போனோம். சந்தியா எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. பதிவேட்டைப் புரட்டினாள். சுபாஷின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் கோடு.

"அசல வாரிசுதாரருகிட்டதான் தரணும்னு எழுதியிருக்குது. நீங்க அவருக்கு இன்னா உறவுங்க?"

"நான்தாங்க அவரு."

"அப்ப தர முடியாதுங்களே."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பதிவேட்டை மூடி உள்ளே வைத்தாள்.

வெளியே வந்தோம். வாசலில் தாளாளரின் கார், வெள்ளி நிறம், தூசியே இல்லை. பின் கதவைத் திறந்துவிட்டு அவரே பக்கத்தில் நின்றார். சீட்டின்மேல் பழுப்பு நிறக் கோப்பு. அதன்மேல் சுபாஷின் பெயர்.

"வா தம்பி. நாளான்னிக்கி குழு வருது. வுழுந்த எடத்த ஒருக்கா பாத்து வச்சிக்கலாம். அப்பிடியே இத வாங்கிக்கினு ஓசூரு போயிடு."

"நானும் வரேங்க சார்," என்றேன்.

"ஒனக்குக் கடையில வேல இருக்குது இல்ல?" என்றார் கனிவாக.

சுபாஷ் கோப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். மெதுவாக விரல்களை விலக்கினான்.

"அரை மணி நேரம்டா. கைக்கு வந்துடும்."

ஏறுவதற்காகக் கதவின் மேல்விளிம்பைப் பிடித்தான். கார் மலைப்பக்கம் திரும்பும்வரை அந்த வெள்ளிப் பூச்சில் அவன் கட்டைவிரல் தடம் தெரிந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மலையில் சிக்னல் கிடைப்பதில்லை, எப்போதுமே கிடைப்பதில்லை என்று எனக்கு நானே நாலு தடவை சொல்லிக்கொண்டேன். ஒரு மணிக்கு, இரண்டு மணிக்கு. அஞ்சலி பேனரை நான் அச்சுக்கு அனுப்பவில்லை. கம்ப்யூட்டரிலிருந்தே அழித்துவிட்டேன். அது அச்சாகாதவரை அவன் சாகாமல் இருப்பான் என்று ஒரு கணக்கு.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். சந்தியா.

"ஃப்ளெக்ஸ் ரெடியாங்க?"

"சுபாஷ் எங்க?"

பின்னால் யாரோ மெல்லிய குரலில் என்னவோ சொல்ல, அவள் அப்படியே திருப்பிச் சொன்னாள்.

"போட்டோ எடுத்தவரு பேரும் ரிப்போர்ட்ல வேணுமாங்க. உங்க முழுப் பேரு இன்னாங்க? கையெழுத்துப் போடணுமாம், சார் வண்டி அனுப்பிச்சிட்டாரு."

கடைக்கு முன்னால் ஹாரன் சத்தம் கேட்டது.