சுரங்கத்துக்குள் நண்பகல்

“நாளைக்கு நான்தான் முன்னாடி போவேன்.”

இந்த ஒன்றை மட்டும் அலுவலகத்தில் கேட்டுவிடாதே என்று, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அம்மா அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நகரத்துக்காரர்களைச் சைக்கிளில் ஆற்றோரமாக மலைக்கு அழைத்துப்போய், மாலையில் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற நிறுவனம் அது. அம்மா அங்கே சமையலறையில் சாப்பாடு கட்டுகிறவள். மகளுக்கு இந்த வேலை கிடைத்ததே அவளால்தான். “பஞ்சர் ஒட்டு, செயின் மாட்டு, பேசாம வீட்டுக்கு வா. முன்னாடி போறேன்னு கேட்டேன்னு வையி, இருக்கிறதும் போயிடும்.”

கேட்டுவிட்டாள். அதுவும் நிறுவனத்தை நடத்துகிற மேடம் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கதவைத் தட்டாமல்.

அவர்கள் போகும் பாதை ஒரு காலத்தில் ரயில் ஓடிய பாதை. தண்டவாளத்தைப் பெயர்த்துத் தார் போட்டு, காரும் பைக்கும் நுழையாதபடி இரண்டு முனையிலும் இரும்புத் தூண்களை நட்டிருந்தார்கள். ரயில் ஓடிய பாதை என்பதால் கூட்டத்துக்கு முன்னால் போகிறவனுக்கு எஞ்சின் என்று பெயர். யாரும் விடுபடாமல் பார்த்துக்கொண்டு கடைசியில் வருகிறவர் வால். இரண்டு வருஷமாக அவள்தான் வால். வேறு பெயர் இருப்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

மேடம் நிமிர்ந்தார். “ஏம்மா, பின்னாடி என்ன குறை உனக்கு?”

“குறையா? குடும்பத்துலயே நான்தான் மொதல்ல காலேஜ் போனவ. படிச்சது பூகோளம், பாக்குறது முதுகு. ஆறு எப்படி இருக்குன்னு கேட்டா, யார் யார் சட்டை எங்கெங்க நனைஞ்சிருக்குன்னுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.”

காற்றடிக்கும் பம்பைத் துடைத்துக்கொண்டிருந்த எஞ்சினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “விடுங்க மேடம், ஒரு நாள் போகட்டும். அரை வழியில மூச்சு வாங்கி நிக்கும்போது தானா தெரிஞ்சிடும். நான் வாலா வரேன்.”

“பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. ஒரு நிமிஷம் தாண்டக் கூடாது,” என்றார் மேடம். அவர் எதற்கும் சம்மதம் என்று சொல்கிற வழக்கமில்லை. நேரத்தைச் சொன்னால் சம்மதம்.

விஷயம் சமையலறைக்கு அவளுக்கு முன்பே போயிருந்தது. அம்மா டப்பாக்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே திரும்பாமல் சொன்னாள்: “கேட்டுட்ட இல்ல? வாய் இருக்கே வாய், அதுக்குத் தனியா ஒரு பட்டம் குடுத்திருக்கணும்.”

“குடுத்தாங்கம்மா. நீதான் அதைக் கதவுக்குப் பின்னாடி மாட்டி வச்சிருக்க.”

மறுநாள் காலை இரும்புத் தூண்களைத் தாண்டியதும் முதலில் நின்றுபோனது ஹாரன் சத்தம். பிறகு புகை வாடை. இதெல்லாம் அவளுக்குப் பழக்கம்தான். பழக்கமில்லாதது அதற்குப் பிறகு வந்தது. முதல் வளைவில் அவள் தலையை நிமிர்த்தினாள். எதிரே யாருமே இல்லை.

முதுகு இல்லை, தலைக்கவசம் இல்லை, பின்சக்கரம் இல்லை. ஈரத்தார்ப் பாதை வளைந்து மூடுபனிக்குள் போய்க்கொண்டிருந்தது. இடப்பக்கம் ஆறு. இத்தனை நாளும் அது ஆட்களின் இடுக்கில் துண்டு துண்டாகத் தெரிந்த தண்ணீர். இன்று முழுசாகக் கிடந்தது. இவ்வளவு அகலமா இது? பனி தண்ணீரின் மேல் ஒரு முழ உயரத்துக்கு நின்றது. அதற்கு மேலே ஒரு நாரை, கால் நனையாமல் காற்றில் நிற்பதுபோல. மலை இன்னும் வரவில்லை, அதன் நிழல் மட்டும் ஆற்றைக் கடந்து வந்து பாதையில் படுத்திருந்தது. அந்த நிழலுக்குள் நுழைந்தபோது அவளுடைய முழங்கை வரை சிலிர்த்தது.

காலேஜில் ஆற்றின் வளைவுகளைப் பற்றி ஒரு பக்கம் நெட்டுரு போட்டு நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். அந்தப் பக்கத்தை எழுதியவர் இதைப் பார்த்திருந்தால் இரண்டு வரியோடு நிறுத்தியிருப்பார் என்று தோன்றியது. தோன்றியதும் கோபம் வந்தது. இரண்டு வருஷம்! இதற்குப் பத்தடி பின்னால் இரண்டு வருஷம் குனிந்துகொண்டே வந்திருக்கிறாள்.

மெதுவாக மிதித்தாள். வேண்டுமென்றே அல்ல, கால் வேகமெடுக்க மறுத்தது. பின்னால் வந்தவர்களும் கொஞ்ச நேரத்தில் அரட்டையை விட்டுவிட்டார்கள். சங்கிலிகளின் சத்தமும் தண்ணீரின் சத்தமும் மட்டும். கடைசியிலிருந்து எஞ்சினின் குரல் வந்தது: “என்ன, கல்யாண ஊர்வலமா? சாப்பாடு ஆறிடும்!”

திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினாள்.

மலைக்குள் நுழைகிற இடத்தில் ரயில்காலத்துச் சுரங்கம் ஒன்று உண்டு. உள்ளே வளைவு இருப்பதால் இந்த வாயிலிருந்து அந்த வாய் தெரியாது. அங்கே ஒரு விதி: எஞ்சின் மறுபக்கம் வெளியே வந்து நிற்க வேண்டும். வால் கடைசி ஆளோடு வெளியே வந்து மணி அடித்த பிறகுதான் கூட்டம் நகர வேண்டும்.

அவள் வெளியே வந்து நின்றாள். ஒவ்வொருவராக வந்தார்கள். மணிச் சத்தம் வரவில்லை. இன்றைக்கு வாலாக வந்த எஞ்சினும் வந்துவிட்டான்.

“ஏன் நிக்கிற? கெளம்பு கெளம்பு, ஏற்கனவே லேட்டு.”

“மணி அடிக்கலையே நீ.”

“அட, மறந்துட்டேன். இந்தா.” டிங் என்று அடித்தான்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். “டீச்சர் எங்க?”

ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். கூட்டத்திலேயே மெதுவானவர். மூட்டுவலியைத் திட்டிக்கொண்டே மிதிப்பவர். எஞ்சின் பின்னால் திரும்பினான். “எனக்கு முன்னாடிதான்… வளைவுல அவங்க ரொம்ப மெதுவா… அப்படியே தாண்டி வந்துட்டேன் போல.”

“வால் யாரையாவது தாண்டுமாய்யா?” என்று கத்தினாள். எல்லோரையும் தாண்டியே பழகிய கால் அது. தாண்டியதுகூட அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

சைக்கிளைப் போட்டுவிட்டு விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். டீச்சர் விழுந்திருந்தால்? முன்னால் போகிறேன் என்று கேட்டவள் அவள்தானே. வாலின் இடத்தைக் காலி செய்தவளும் அவள்தான்.

“டீச்சர்!”

குரல் சுவரில் மோதித் திரும்பியது. வளைவுக்கு அப்பால் விளக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு, மிக அருகில், நிதானமாக, வகுப்பில் பேசுபவனை அதட்டுகிற தொனியில்: “அந்த லைட்ட அணைம்மா.”

“விழுந்துட்டீங்களா? அடிபட்டுதா?”

“ஒண்ணும் ஆகல. நான்தான் நின்னுட்டேன். முதல்ல லைட்ட அணை.”

அணைத்தாள்.

சுரங்கத்தின் நடுவில், புகை போவதற்காக மலை உச்சியிலிருந்து கிணறுபோலக் குடைந்த துளை ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். தலையில் தண்ணீர் சொட்டுகிற ஓட்டை, அவ்வளவுதான். எஞ்சினின் வேகத்தில் நண்பகலுக்கு முன்பே அதைக் கடந்துவிடுவார்கள். இன்று அவள் ஊர்ந்து வந்ததில், மற்றவர்கள் கடந்துபோன சற்று நேரத்தில் சூரியன் உச்சிக்கு வந்திருந்தது.

துளை வழியாக வெயில் நேராக இறங்கி நின்றது. மேலிருந்து தரைவரை ஒரு வெள்ளைத் தூண், கட்டிப்பிடிக்கலாம்போல. அதற்குள் நீர்த்துளிகள் விழுந்துகொண்டிருந்தன. அத்தனை உயரத்திலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் விழுகிற வழியெல்லாம் எரிந்து, தரையைத் தொட்டதும் அணைந்தது. சுற்றிலும் கல்லும் கரியும் இருட்டும். டீச்சர் கையை உள்ளே நீட்டியிருந்தார். மணிக்கட்டிலிருந்து விரல்வரை அந்தக் கை அவருடையதாகவே இல்லை. இப்போதுதான் செய்து முடித்த ஏதோ ஒன்றுபோல இருந்தது.

அவளுக்கு மூச்சைச் சத்தமாக விடக்கூடக் கூச்சமாக இருந்தது.

பின்னால் காலடிச் சத்தம். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் திரும்பி வந்து, விளக்குகளை அணைத்துவிட்டு நின்றார்கள். எஞ்சின் கடைசியாக வந்தான். யாரிடம் என்றில்லாமல் கேட்டான்: “இது எப்பவும் இங்கதான் இருந்துச்சா?”

வெயில் மெல்லச் சாய்ந்து, தூண் மெலிந்து, சுவரில் ஏறி மறையும்வரை நின்றார்கள்.

“இன்னொரு தடவை இதைப் பாக்கணும்மா,” என்றார் டீச்சர் கிளம்பும்போது. “யாரும் விரட்டாம.”

“ஞாயித்துக்கிழமை அந்த இரும்புத் தூண்கிட்ட வாங்க. நான் வரேன்,” என்றாள். வாய் தானாகச் சொன்னது. சொன்னபின் அது தன் முடிவுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

மாலையில் மேடம் அவளை உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

“சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் லேட்டு. உன்னைத் துரத்திடலாம்னுதான் இருந்தேன். ஆனா வந்தவங்க எல்லாரும் அடுத்த முறையும் அந்தப் பொண்ணையே அனுப்புங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க. எஞ்சினும் சரின்னுட்டான். இனிமே நீதான் முன்னாடி. நிரந்தரமா.”

கேட்டது கிடைத்துவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் மேடம் தொடர்ந்தார்: “ஒண்ணே ஒண்ணு. சுரங்கத்துல நிக்கக் கூடாது. பதினோரு மணிக்குத் தாண்டிடணும். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு.”

“பதினோரு மணிக்கு அங்க இருட்டு மட்டும்தான் மேடம் இருக்கும்.”

“இருக்கட்டும். வெளிச்சத்துக்காக ஒரு கூட்டத்தையே பட்டினி போட முடியுமா?”

“யாருமே பசிக்குதுன்னு சொல்லலையே.”

“உன்கிட்ட வாதாட எனக்கு நேரமில்ல. உன் அம்மா இங்க வேலை பாக்குறா, ஞாபகம் வச்சுக்கோ.”

அவள் நிறுவனம் கொடுத்த பச்சை மேல்சட்டையைக் கழற்றினாள். மடித்தாள். மேடத்தின் மேசைமேல் வைத்து, அதன்மேல் விளக்கை வைத்தாள். “பாதை உங்களோடது இல்ல மேடம். சூரியனும்தான். சைக்கிள் மட்டும்தான் உங்களோடது, அதை நல்லா எண்ணெய் போட்டு நிறுத்தியிருக்கேன். அம்மா சாப்பாடு கட்டுற மாதிரி கட்ட இந்த ஊர்ல வேற ஆள் கிடைச்சா, அவங்கள அனுப்பிடுங்க.”

சமையலறை வாசலில் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

“கேட்டது கிடைச்சுதா இல்லையாடி?”

“கிடைச்சுது.”

“அப்புறம் ஏன் சட்டையக் கழட்டி வச்சுட்டு வர்ற?”

“ஞாயித்துக்கிழமை என்கூட வா, சொல்றேன். கேரியர்ல உக்காந்துக்கோ.”

“இந்த வயசுல நான் கேரியர்லயா? ஊர் சிரிக்கும். எத்தனை வருஷமா அந்த மலைக்குச் சோறு கட்டி அனுப்புறேன், போதாதா?”

“அதான் சொல்றேன். உன் சோறு பாத்த இடத்த நீ இன்னும் பாக்கல.”

அம்மா பின்னால் திரும்பி அலுவலகக் கதவைப் பார்த்தாள். பிறகு அவிழ்ந்த கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டாள்.

“மெதுவாத்தான் மிதிப்ப இல்ல?” என்றாள்.

“நின்னு நின்னுதான் போவோம்,” என்று சொல்லிவிட்டு, மூலையில் சாய்ந்திருந்த தன் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் வாசலைத் தாண்டினாள்.