இரண்டு கோடு ஈரம்

"ஒரு நிமிஷம், யாரும் பேச வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மருத்துவர் எங்கள் நாய் வாலுவின் கீழிமைக்குள் ஒரு காகிதக் கீற்றைச் செருகினார். அதை எங்களிடம் சொல்லத் தேவையில்லை. நானும் மனைவியும் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவராக நாயைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

நான் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவன். காகிதம் ஈரத்தை எப்படி இழுக்கும் என்று தெரியும். மழைக்காலத்தில் கட்டின் ஓரம் தானாகவே நெளிந்துவிடும். இந்தக் கீற்று நெளியவில்லை. அதில் அளவுகோல் போலக் கோடுகள். வலது கண்ணில் ஒரு கோடுகூட நனையவில்லை. இடது கண்ணில் இரண்டு.

"பதினஞ்சு கோடாவது நனையணும். கண்ணீர் சுரக்கிறதே நின்னுபோச்சு."

"நிறைய ஒழுகுதே டாக்டர்" என்றாள் மனைவி.

"அது கண்ணீர் இல்லம்மா. கண்ணு காஞ்சுபோய் வர்ற பசை. தெளிஞ்ச தண்ணியா வந்தா ஒருநாள் பொறுக்கலாம். இப்படி மஞ்சளா, பச்சையா வந்தாலோ, கண்ணைச் சுருக்கினாலோ அன்னைக்கே கூட்டிட்டு வரணும். தினம் எத்தனை தடவை துடைக்கிறீங்க?"

"ஒரு தடவை" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அப்போதுதான் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

அவளுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. காலையில் நான் கிளம்பிய பிறகு வருவாள். மாலையில் நான் வருவதற்குள் போயிருப்பாள். வந்ததும் பஞ்சை நனைத்து அவள் துடைத்திருக்கிறாள். வந்ததும் நான் துடைத்திருக்கிறேன். குப்பைக்கூடையில் கிடந்த பஞ்சை நான் நேற்றுப் போட்டது என்றே நினைத்தேன். கொஞ்சம்தானே வருகிறது என்று இரண்டு மாதம் இருந்துவிட்டோம். சலவை இயந்திரம் பழுதாகி முந்தின இரவு அவளுக்கு வேலை இல்லை; எனக்கும் இரண்டு மாதத்தில் முதல்முறையாக ஞாயிறு விடுமுறை. யாரும் எங்கிருந்தும் வரவில்லை, அதனால் யாரும் துடைக்கவில்லை. மதியம் பார்த்தால் வலது கண் ஒட்டிக்கொண்டு திறக்கவேயில்லை.

"வலது போயிடுச்சு. இடதுல காலையில ஒரு சொட்டு, சாயங்காலம் ஒரு சொட்டு, ஆயுசு முழுக்க. விட்டா அதுவும் போயிடும். யாரு எப்பன்னு வீட்டுல பேசி வச்சுக்குங்க."

"எங்க வீட்டுல பேசுறதே இந்த வாலு ஒண்ணுதான்" என்று மனைவி வாலுவின் காதைத் தடவினாள். மருத்துவர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

அச்சகத்தில் வெட்டி ஒதுக்கிய தாளில் நடுவே கோடு போட்டு, காலை, மாலை என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். முதல் வாரம் இரண்டு பக்கமும் குறிகள் விழுந்தன. இன்றோடு மூன்று நாளாகக் காலைப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. போட்டுவிட்டுக் குறிக்க மறந்தாளா, போடவே மறந்தாளா. கேட்டால் குற்றம் சொல்வது போலாகும் என்று முதல் நாள் கேட்கவில்லை. முதல் நாள் கேட்காததால் இரண்டாம் நாள் கேட்க முடியவில்லை. இப்போதும் கைப்பேசியை எடுத்தேன். சலவைக்கூடத்து இரைச்சலில் அவளுக்குக் கேட்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வைத்துவிட்டேன்.

மருந்துப் புட்டியை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியவில்லை. மூடியைத் திருகும் சத்தம் கேட்டு வாலு எழுந்து வந்தது. தன் இடது பக்கம் இருந்த நாற்காலிக் காலில் இடித்துக்கொண்டு, விலகி, என்னிடமிருந்து இரண்டடி தள்ளி, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து முகத்தை நிமிர்த்தி உட்கார்ந்தது.