வெள்ளைப் பூவும் நீலச் சுருளும்

நூல் மில்லில் இராத்திரி முழுக்க அறுந்த இழைகளை ஒட்டிவிட்டு வந்த தீனதயாளன் குளித்தான், தின்றான், படுக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். வெளியே திருச்செங்கோட்டு வெயில். எங்கோ போர்க்கிணறு போடும் ரிக் வண்டியின் அதிர்வு தரை வழியாக வந்து நாற்காலியில் ஏறியது. காலமெல்லாம் அந்த அதிர்வில் நின்ற அவன் அப்பா நாச்சிமுத்து, போன ஆடியில் தூக்கம் வராமலே செத்துப்போனார். கடைசி மாதங்களில் கண்ணைத் திறந்தபடி கட்டிலில் கிடந்து, இல்லாத ரிக்கின் லீவர்களை இழுத்துக்கொண்டே இருந்தார். மூளையில் ஒரு புரதம் தப்பாக மடிகிறது, அதன் அமினோ அமில வரிசையில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, பிள்ளைகளுக்கும் பாதிக்குப் பாதி வரலாம் என்றார் கோயமுத்தூர் டாக்டர்.

தங்கை நித்யஸ்ரீக்குத் தையில் மாமன் மகனோடு கல்யாணம். ரத்தம் கொடுத்துப் பார்க்க அவள் சம்மதிக்கவில்லை. அம்மா சென்னியம்மாள் அவளுக்காகக் குலசாமி கோயிலில் பூக் கேட்டாள். வெள்ளையும் சிவப்பும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. அத்தோடு அம்மாவின் பயம் தீர்ந்தது.

தீனனுக்குத் தீரவில்லை. பயோடெக் படிப்பை அவன் பாதியில் விட்டான். அது அவனை விடவில்லை. புரதத்தின் எழுத்து வரிசையில் அப்பாவின் மாறிய எழுத்தைப் போட்டு, வடிவத்தைக் கணிக்கும் நிரலுக்குக் கொடுத்திருந்தான். படம் வந்திருந்தது. நிச்சயமாகத் தெரிந்த இடம் நீலம், தெரியாத இடம் ஆரஞ்சு. நல்ல புரதத்துக்கு வந்த அதே நீலச் சுருள்கள், அதே ஆரஞ்சு வால். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தான். கிட்டத்தட்ட விலகலே இல்லை. ஒற்றை எழுத்து மாறுவதை இந்த நிரல் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அது அவனுக்குத் தெரியும்.

"என்ன சொல்லுது, சாமி?" அம்மா டீயோடு வந்தாள்.

"ரெண்டும் ஒரே மாதர இருக்குதும்மா."

"அப்பறமென்ன? பூ வந்தப்பவே நாஞ் சொன்னனே."

"அதுக்குத் தெரியலைன்னுதாம்மா அர்த்தம். நோவு இல்லைன்னு அர்த்தமில்ல."

அதற்குள் அவள் சம்பந்தியாகப் போகும் தன் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள். "நம்ம தீனனே கம்ப்யூட்டருல பாத்துட்டானுங்ண்ணா. ஒண்ணும் இல்லையாமா."

அவன் போனைப் பிடுங்கவில்லை. அதே புரதத்தைத் தண்ணீரில் அசையவிடும் இன்னொரு கணக்கை ஓடவிட்டிருந்தான், அதைத் திறந்தான். நீலச் சுருள்கள் இருந்த இடத்திலேயே நடுங்கின. ஆரஞ்சு வால் மட்டும் புரண்டது, துழாவியது, எங்கும் படுக்காமல் மறுபடி எழுந்தது.

நித்யஸ்ரீ பின்னால் வந்து நின்றாள். "படுக்கலியாண்ணா?"

"ஷிப்ட்டு மாறுச்சு. தூக்கம் வர நாளாகும்."

"ஷிப்ட்டு மாறி ரெண்டு மாசமாச்சு." சிரித்தாள். "நானெல்லாம் தலைய வச்சா எருமையாட்டத் தூங்கறேன். இடி உழுந்தாலும் தெரியாது. எனக்காவ நீ எதுக்கு முழிச்சுக் கெடக்கற?"

சிரிப்பு பாதியில் நின்றது. அவள் திரையைப் பார்க்கவில்லை. அவன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனும் குனிந்தான். வலது கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசித் திருகிக்கொண்டிருந்தன, அறுந்த இழையை ஒட்டுவதுபோல. எப்போது ஆரம்பித்தன என்று தெரியவில்லை.

"உனக்குப் பூக் கேக்கவே இல்லியேண்ணா" என்றாள்.

உள்ளே அம்மா போனில் பந்தலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அவன் கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டான். அங்கேயும் இழை அறுந்துகொண்டே இருந்தது, விரல்கள் ஒட்டிக்கொண்டே இருந்தன.