தண்ணீர் தெளிக்காத சுவர்

1.

இந்தக் கதை என் வீட்டுச் சுவரிலிருந்து வந்தது. பொய் என்னுடையது, அதைச் சுமக்க நல்லகாமன் என்று ஒருவரை உண்டாக்கியிருக்கிறேன். ‘நான்’ என்று தொடங்கிய இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டாயிற்று. கடிதம் எழுதிப் பழகிய கை, இடமும் தேதியும் போடாமல் ஓடாது. ஆகவே, கதை நடந்த இடமும் காலமும்: கே.கே. நகர், மதுரை. 1981, வைகாசி.

2.

முதல் தொடக்கம்: ‘மதுரை வெயிலில் எந்த வர்ணமும் மூன்று கோடைக்கு மேல்…’

[அடித்துவிட்டேன். பழியை வெயில் மேல் போடப் பார்க்கிறேன்.]

இரண்டாவது: புதுமனை புகுவதற்கு மூன்று நாள் முன்னால் பெயிண்டர் சேக் மைதீன் தெருப்பக்கச் சுவரை முடித்துவிட்டு, பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

“நல்லகாமண்ணே, இது சிமெண்டு பெயிண்டு. தண்ணி குடிச்சாத்தேன் இறுகும். ரெண்டு நாளைக்குக் காலையும் சாயங்காலமும் தெளிச்சு விட்ருங்க. எனக்குப் பரவையில வேலை கெடக்கு.”

“எம்புட்டு நாளைக்குத் தாங்கும் பாய்?”

“தெளிச்சீகன்னா அஞ்சாறு வருசத்துக்கு என்னையத் தேட மாட்டீக.”

அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் நல்லகாமனின் மனைவி பாண்டியம்மாள் சிரித்தார். “அடிச்ச பெயிண்டுல போயி யாராச்சும் தண்ணிய ஊத்துவாகளா? கோடு கோடா வழிஞ்சு நிக்காது?”

நல்லகாமனுக்கும் அப்படித்தான் பட்டது. வாளியை எடுக்கவில்லை. (தெளிக்கச் சொல்லி டப்பாவிலேயே அச்சடித்திருந்தது. வருகிற கடிதத்தை இரண்டு முறை படிக்கிற மனிதர், டப்பாவை ஒரு வருடம் கழித்துத்தான் படித்தார்.)

3.

புதுமனை புகுந்த அன்று கொத்தனார், ஆசாரி, பெயிண்டர் எல்லோருக்கும் தாம்பாளத்தில் வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தார்கள். சேக் மைதீன் துண்டைத் தோளில் போட்ட நேரம், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நல்லகாமனின் மச்சான் விருமாண்டி எழுந்து திரும்பினார். வெள்ளைச் சட்டையின் முதுகெல்லாம் மஞ்சள் மாவு.

“மாப்ள, நீ குடிபோறதுக்குள்ள ஒன் சுவரு என் சட்டைக்குக் குடிவந்திருச்சுடா!”

பந்தலே சிரித்தது. சேக் மைதீன் மட்டும் சுவரை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“அண்ணே, தண்ணி தெளிச்சீகளா?”

அத்தனை பேரும் நல்லகாமனைப் பார்த்தார்கள்.

“ரெண்டு நாளும் தெளிச்சேன்.”

“அப்ப பாய் சுண்ணாம்பக் கலந்துட்டாருய்யா,” என்றார் விருமாண்டி.

சேக் மைதீன் துண்டை மடித்துத் தாம்பாளத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

[இங்கே நல்லகாமனின் மனம் பட்ட பாட்டை ஒரு பத்தி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் அவருக்காக வக்காலத்து வாங்கியது. எடுத்துவிட்டேன்.]

4.

மறுவாரம் சேக் மைதீன் கூலி கேட்காமல் வந்து, சுரண்டிவிட்டு மறுபடி அடித்தார். தண்ணீரையும் அவரே தெளித்தார். இரண்டு நாளும் இரு வேளை சைக்கிள் மிதித்து வந்தார். நான் இதை எழுதுவது 1987-இல். அந்தச் சுவர் இன்னும் தொட்டால் கையில் ஒட்டாது.

தன் பேரைக் காப்பாற்றத்தான் அடித்தார். தெரு சொன்னது வேறு: “பாத்தியா, நாலு பேரு கேட்டதும் நல்ல சரக்கா அடிச்சிட்டாரு.”

அதன்பின் அந்தத் தெருவில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கப்பலூரில் ஒரு கம்பெனியில் இரும்பு டிரம்முக்கு வர்ணம் அடிக்கிறார் என்று கேள்வி.

5.

ஒரு முடிவு: நல்லகாமன் தெருவைக் கூட்டி உண்மையைச் சொல்கிறார். [ஆறு வருடம் வாய் திறக்காதவர் திடீரென்று எப்படி— விட்டுவிட்டேன்.]

இன்னொன்று: கப்பலூருக்குப் பஸ் ஏறுகிறார். கம்பெனி வாசலில் கையைத் துடைத்துக்கொண்டே சேக் மைதீன் வருகிறார்.

“வாங்கண்ணே. வீட்டுல எல்லாரும் சொகமா?”

நல்லகாமன்,

இதோ, காற்புள்ளிவரை கொண்டுவந்துவிட்டேன். மீதியை நீங்கள் எழுதுங்கள். நான் எழுதினால், ‘எல்லாரும் சொகந்தேன் பாய்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். எனக்கு அவரைத் தெரியும்.